போகிக்கு எரித்த கொடி

குருவிநத்தம்
4 நவம்பர் 1937

அண்ணிக்கு,

பத்து மாதம் தாமதமாக எழுதுகிறேன். 'இவ்விடம் யாவரும் நலம்' என்று ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை.

தங்கவேலுக்குக் குளிர்க்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், பகல் இரண்டு மணிக்கு, சொல்லி வைத்தாற்போல் வருகிறது. முதலில் நடுக்கம், கம்பளியோடு கட்டிலும் ஆடுகிறது. பிறகு அடுப்புக்கல் போல் சூடு. பிறகு வியர்த்துத் துவண்டு போகிறான். நேற்றோடு ஐந்து முறை ஆயிற்று. இரண்டரை வயதுப் பிள்ளை எத்தனை முறை தாங்குவான்? முந்தாநாள் தீபாவளிக்கு அவன் தலையில் எண்ணெய்கூட வைக்கவில்லை.

பாகூர் டாக்டர் கொய்னாத் தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஏழு நாள். மருந்துக்குக் குறைவில்லை. அது உள்ளே போனால்தானே! தேனில் குழைத்தேன். வாழைப்பழத்துக்குள் வைத்தேன். வெல்லப்பாகில் உருட்டினேன். முதலில் சப்புக்கொட்டுகிறான், அடுத்த நொடி முகம் கோணி எல்லாவற்றையும் கக்குகிறான். இப்போது என் கையில் எதைப் பார்த்தாலும் வாயை இறுக்கிக்கொள்கிறான், பாலைக்கூட. வேலைக்கு வரும் காசம்மாள், "மூக்கைப் புடிச்சி ஊத்தும்மா, எங்க புள்ளைங்களுக்கு அப்டித்தான்" என்றாள். ஊற்றினோம். புரையேறி முகம் நீலம் பாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குத் துணிவில்லை.

அவருக்குச் சைகோனுக்கு எழுதினால் பதில் வர ஒரு மாதம் ஆகும். மாமாதான் நேற்றுச் சொன்னார்: "விருத்தா இருந்தா இலைய அரைச்சி வெச்சிக் குடுத்துடுவா. தம்பி மணவாளனுக்குச் சின்னதுல கொய்னா குடுத்தது அவதான்." சொல்லிவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். போகியன்று கிழிந்த பாயோடும் ஓட்டை முறத்தோடும் உங்கள் குன்றிமணிக் கொடியையும் பிடுங்கிப் போட்டுக் கொளுத்தியவள் நான். காணும் பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்த நீங்கள் கரிந்த வேலியைப் பார்த்துவிட்டு, போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து போனீர்கள். அன்றிலிருந்து பேச்சில்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காதது தவறு. ஆனால் கொளுத்தியது தவறென்று இன்றைக்கும் என்னால் எழுத முடியாது. அந்த விதை ஒன்றைக் கடித்து விழுங்கினால் உயிர் போய்விடும் என்று கல்லூரியில் படித்தவள் நான். காய் வெடித்து வாசலெல்லாம் சிவப்பாய்ச் சிதறிக் கிடந்தது. கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிற வயது அவனுக்கு. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

இலை மட்டும் கிடைக்குமா, அண்ணி? உங்கள் ஊர்ப்பக்கம் வண்டி ஓட்டும் மாரிமுத்துவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் காத்திருந்து வாங்கி வருவான்.

விஜயகுமாரி

*

பண்டசோழநல்லூர்
ஈசுவர வருடம் ஐப்பசி 22, ஞாயிறு

தம்பி பெண்சாதி விஜயாவுக்கு விருத்தாம்பாள் எழுதிக்கொண்டது.

இங்கே மாடும் மனுஷரும் சுகம். உன் காகிதம் வந்தது. பிரித்தால் பாதி பிள்ளைக்குக் காய்ச்சல், பாதி நீ செய்தது சரி. நான் காய்ச்சலுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவுதான் முடியும்.

உன் புருஷனுக்கு ஆறு வயசில் இதே காய்ச்சல். இதே கொய்னா. அம்மா தேனில் கொடுத்தாள், கக்கினான். உன் தேனும் பழமும் ஏன் நிற்கவில்லை தெரியுமா? தேன் இனிப்பு முன்னாடி ஓடிவிடும். கசப்பு பின்னாடி தனியாக வரும். பிள்ளை அப்போதுதான் கக்கும். குன்றிமணி இலையின் இனிப்பு அப்படியில்லை. மென்றவுடன் பச்சைத் தழை மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துத் தொண்டையில் இனிக்கும், இனித்தால் போகாது. கசப்பு வரும்போது அது அங்கே உட்கார்ந்திருக்கும்.

பச்சை இலைக்கு இப்போது நான் எங்கே போவது? இங்கே என் வேலியில் பத்து வருஷமாக விதை போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் முளைக்கவில்லை. பழைய கொடியில் பறித்து நிழலில் காயப்போட்ட இலை ஒரு கலயத்தில் இருந்தது. கொடியில் மிச்சம் அதுதான். பனங்கற்கண்டு போட்டு இடித்துப் பதினாலு உருண்டை பிடித்து அனுப்பியிருக்கிறேன். வேளைக்கு ஒன்று. உருண்டையைப் பிட்டு நடுவில் கொய்னாவை வைத்து மூடு. முதலில் வெறும் துணுக்கு ஒன்று நாக்கில் தடவிவிட்டு, அப்புறம் அதைக் கொடு.

கொட்டிவிடாதே. வேறு இல்லை.

விருத்தாம்பாள்

*

குருவிநத்தம்
9 நவம்பர் 1937

அண்ணிக்கு,

இதை எப்படி எழுதினாலும் உங்களுக்குக் கோபம் வரும். எழுதாவிட்டாலும் மாரிமுத்து சொல்லிவிடுவான், அவன் பார்த்துக்கொண்டு நின்றான். உருண்டைகளை நான் கொடுக்கவில்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும் எண்ணினேன். பதினான்கு என்று எழுதியிருந்தீர்கள். பதிமூன்றுதான் இருந்தது. இன்னொரு முறை எண்ணினேன். பதிமூன்று. அங்கேயே எனக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். காம்பாக இருக்கலாம். கற்கண்டின் அழுக்காக இருக்கலாம். காய்ந்த இலையைக் கலயத்தில் போட்டபோது காயும் ஒன்று கூடவே விழுந்து, அதையும் நீங்கள் பார்க்காமல் இடித்திருந்தால்? முழு இலையென்றால் கண்ணால் பார்க்கலாம். இடித்த பொருளில் என்ன தெரியும்?

ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய்ச் சாணிக்குழியில் போட்டுவிட்டேன். வீட்டில் இருந்தால் யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்களோ என்று பயம்.

மறுநாள் இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தது. அன்று பகல் முழுக்க அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வேண்டுமென்று செய்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாமல் நடப்பதற்குத்தான் பயப்படுகிறேன். எங்காவது பச்சைக்கொடி கிடைத்தால் இலையை இலையாகவே, காம்போடு அனுப்ப முடியுமா?

டாக்டர் ஊசி போடலாம் என்றார். "இவ்ளோ எளைச்ச புள்ளைக்கு யோசிச்சித்தான் போடணும். வாய் வழியா போனா நல்லதும்மா" என்று அவரே தயங்குகிறார்.

விஜயகுமாரி

*

பண்டசோழநல்லூர்
ஐப்பசி 26, வியாழன்

விஜயாவுக்கு,

உன் காகிதத்துக்கு முன்னாடியே மாரிமுத்து வாய் வந்து சேர்ந்தது. "யம்மா, சாணிக்குழில போட்டாங்கம்மா. நான் இந்தக் கண்ணால பாத்தன். ஒண்ணுகூட விடல" என்கிறான். கேட்டபடி நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இறக்கவில்லை.

பதிமூன்று ஏன் என்று கேட்டாய் அல்லவா? நம் எல்லைக்கும் இங்கிலீஷ்காரன் எல்லைக்கும் நடுவில் இருக்கிற சாவடியில் சேவகன் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறான். "இன்னாடா இது, அபினியா?" என்று கேட்டிருக்கிறான். "கொயந்தைக்கு மருந்துண்ணா, குன்றிமணி இலை" என்றானாம் மாரிமுத்து. "அட, குன்றிமணியா! குடு இங்க" என்று ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டானாம். அவன் கூத்தாடுகிறவன், கூத்துக்காரர்கள் குரலுக்கு இந்த இலையை மெல்வார்கள். மறுநாள் ராஜா வேஷம் கட்டி விடிய விடியக் கத்தியிருக்கிறான், தொண்டை கம்மவில்லை. செத்தும் போகவில்லை. நேற்றுப் பார்த்த மாரிமுத்துவிடம், "இன்னொண்ணு இருந்தா கொண்டாயேன்" என்று கேட்டானாம். அவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். உனக்கு விதைமேல் பயமா, என் கைமேல் பயமா?

எனக்குப் பிள்ளையில்லை. இந்த ஊரில் கைப்பிள்ளைக்காரிகள் நான் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் பிள்ளை முகத்தை மூடுவார்கள். நான் கொடுத்த பண்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று நாய்க்குப் போடுவார்கள். எனக்குப் பழகிப்போச்சு. ஒருத்தியையும் ஒன்றும் கேட்டதில்லை. நீ பட்டணத்தில் காலேஜுக்குப் போனவள், உனக்கு அந்த எண்ணம் இருக்காது என்று நினைத்தேன். அவர்கள் காரணம் சொல்லாமல் போடுகிறார்கள், நீ எண்ணிப் பார்த்துக் காரணம் எழுதிப் போடுகிறாய். நாய்க்குப் போட்டதும் குழியில் போட்டதும் ஒன்றுதான்.

கலயம் காலி. இனிமேல் எனக்கு எழுதாதே.

பிள்ளைக்குச் சூடு இறங்கியதா என்று மட்டும் மாரிமுத்துவிடம் சொல்லியனுப்பு.

விருத்தாம்பாள்

*

குருவிநத்தம்
12 நவம்பர் 1937

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

சூடு இறங்கவில்லை. இப்போது தினமும் வருகிறது. நேற்று அவன் கண் மேலே செருகிற்று. காசம்மாள் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தங்கம், தங்கம், இங்க பாருடா" என்று கத்தினாள். மருந்துப் பொட்டலங்கள் அப்படியே மாடத்தில் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். உங்கள் கைமேல் எனக்குப் பயம் இல்லை. முதல் பெண் பிறந்தபோது அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது நீங்கள்தான். ஒருநாளும் நான் கூப்பிடாமல் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நாள் அவள் போனாள். ஏன் போனாள்? டாக்டருக்குத் தெரியவில்லை. மருத்துவச்சிக்குத் தெரியவில்லை. யாரும் ஒரு தவறும் செய்யவில்லை என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் என்னைக் கெடுத்தது, அண்ணி. இன்னது செய்ததால் போனாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு இருந்திருப்பேன். எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் விலக்குகிறேன். பால் காய்ச்சும்போது மூன்று முறை மோந்து பார்க்கிறேன். தூளியின் முடிச்சை எழுந்து எழுந்து தொட்டுப் பார்க்கிறேன். என் கையையே நான் நம்புவதில்லை.

இதை உங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கொளுத்தாமல், சொல்லியிருக்க வேண்டும்.

வாருங்கள். உள்ளே வர மனம் இல்லையென்றால் இலையையாவது கொடுத்தனுப்புங்கள். எந்த உருவத்தில் வந்தாலும் கொடுக்கிறேன்.

விஜயா

*

மணப்பட்டு
ஐப்பசி 29, ஞாயிறு

விஜயாவுக்கு,

பென்சிலில் எழுதுகிறேன். ஓலைக்கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன், மீன் வாங்கிப் பழக்கமான ரோசம்மாள் வீடு. மாரிமுத்து வண்டியில் கிளம்பி வந்தேன். இங்கே கடலோர மணல்மேட்டில் கள்ளியும் சங்கஞ்செடியும் மண்டிக் கிடக்கிற இடத்தில் குன்றிமணி தானாகப் படர்ந்திருக்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். காலையிலிருந்து தேடினோம். "அக்கா, இந்த முள்ளுல கைய வுடாத, நான் கொம்பால இயுக்கறேன்" என்று அவள்தான் இழுத்துக் கொடுத்தாள். எனக்கு இரண்டு கையிலும் கீறல். அவளுக்கு ஒன்றும் இல்லை, சிரிக்கிறாள்.

இடித்து அனுப்பவில்லை. கொடியைக் கொடியாகவே கட்டியிருக்கிறேன். பச்சைக்காயும் இரண்டு இருக்கிறது, வேண்டுமென்றே பறிக்கவில்லை. எது இலை, எது காய் என்று நீ பார்த்து, நீயே கிள்ளி அடுப்பில் போடு. அப்போதுதான் உனக்கு மனசு ஆறும்.

செய்முறை கேள். நல்ல தளிர் ஒரு பிடி உருவி, கழுவி, முதலில் நீ மெல்லு. இதுவரைக்கும் நீ அதை மென்றதே இல்லை, எனக்குத் தெரியும். இனிப்பு தொண்டைக்கு வந்தபிறகு பிள்ளைக்கு ஒரு தளிர் கொடு. அவன் எதிரிலேயே நீயும் தின்னு. விளையாட்டாகக் கொடு, மருந்து என்று முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதே. இன்னொரு பிடியை அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து அதில் கொய்னாவை மடித்துக் கொடு. மேலே இன்னொரு தளிர். கொடியின் அடியை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ச் சொம்பில் வை. நாலைந்து நாள் வாடாது. தீர்ந்தால் ரோசம்மாள் கொண்டுவந்து தருவாள், சொல்லிவிட்டேன்.

இருட்டுமுன் உங்கள் ஊர் வழியாகத்தான் திரும்புகிறேன். உள்ளே வரமாட்டேன். வாசல் படலில் சொருகிவிட்டுப் போவேன்.

விருத்தாம்பாள்

*

குருவிநத்தம்
24 நவம்பர் 1937

அன்புள்ள அண்ணிக்கு,

பதினான்கு வேளையும் முடிந்தது. கடைசியாகக் காய்ச்சல் வந்து ஐந்து நாளாகிறது. பகல் இரண்டு மணி வரும்போது இன்னமும் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவன் பாட்டுக்குக் கோழியை விரட்டிக்கொண்டிருக்கிறான். நேற்று இட்டிலி கேட்டான். இரண்டு தின்றான். மாமா பாகூரிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பேரன் ரெண்டு இட்லி துன்னான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று நான் உள்ளே அவனை மடியில் போட்டிருந்தேன். காசம்மாள் கொடியும் காகிதமுமாக ஓடிவந்தாள். "பெரியம்மா வந்தாங்கம்மா. உள்ள வாங்கன்னேன். இல்லடின்னுட்டாங்க. படலாண்ட கொஞ்ச நேரம் நின்னு பாத்துக்கினு இருந்தாங்க. கையெல்லாம் ரத்தம்." நான் வாசலுக்கு வருவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. கூப்பிட்டேன். உங்கள் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி முதலில் நான் மென்றேன். என் வாயில் வெறும் பச்சை வாடை. ஏமாற்றிவிட்டீர்கள் என்றுகூட நினைத்தேன். அப்புறம் மெதுவாக, நாக்கின் அடியிலிருந்து வந்தது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் இனித்தது. இந்தச் செடிக்கு லத்தீனில் என்ன பெயர் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதன் இலையை ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை. தங்கவேல் என் வாயைப் பார்த்துவிட்டு, "எனக்கு" என்று கை நீட்டினான். மூன்று வாரத்தில் அவனாகக் கேட்ட முதல் பண்டம் அதுதான்.

இனி சொல்வதுதான் எனக்குப் புரியாத விஷயம். இன்று காலை, வேலியில் நான் கொளுத்திய இடத்தில் சின்னச் சின்னச் செடிகள் நிற்பதைப் பார்த்தேன். இந்த மழைக்கு முளைத்தவை. இலை புளிய இலைபோல் இருந்தது. காசம்மாள் குனிந்து பிடுங்கப் போனாள். "வூட்டுகிட்ட புளிக்கன்னு ஆவாதும்மா." அதற்குள் தங்கவேல் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு உயிரே போய்விட்டது. அவன் வாயில் விரலை விட்டுத் தோண்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அத்தை இலை" என்றான்.

இருபத்திரண்டு கன்றுகள். எரித்த இடத்தில் மட்டும். எரித்தால் சாம்பல்தானே ஆகும்? இவை எங்கிருந்து வந்தன?

காசம்மாளை நிறுத்திவிட்டேன். நானே ஒரு கன்றின்மேல் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். பிடுங்கினால் நன்றி கெட்டவள். விட்டால் மறுபடி காய், மறுபடி வாசலெல்லாம் விதை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

விஜயா

*

பண்டசோழநல்லூர்
கார்த்திகை 15, செவ்வாய்

விஜயாவுக்கு,

இட்டிலி தின்றான் என்று எழுதியதை எங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மனுஷர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அவருக்கு அதுதான் சந்தோஷம்.

கன்று முளைத்தது எனக்குத் தெரியும். அன்று படலண்டை நின்றபோதே பார்த்துவிட்டேன். சாம்பல் பூத்த மண்ணில் மூன்று நாலு இலை விட்டு நின்றது. புளி என்று நீ ஏமாறலாம், நான் ஏமாறுவேனா? சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பிடுங்கிவிடுவாய் என்று பயம். ஊரிலே நீ மட்டும்தான் பயப்படுகிறவள் என்று நினைக்காதே.

எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். குன்றிமணி விதை கல் மாதிரி. சும்மா மண்ணில் போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே பளபளவென்று கிடக்கும், தண்ணீர் உள்ளே போகாது. எனக்குப் பத்து வருஷமாக முளைக்காததும் அதனால்தானோ என்னவோ. நீ வைத்த நெருப்பில் அடிமண்ணில் கிடந்ததற்கெல்லாம் சூடு பட்டுத் தோல் விட்டிருக்கும். மழை வந்ததும் குடித்துவிட்டது. எனக்குத் தோன்றுவது இதுதான், உன் புத்தகத்தில் வேறு இருந்தால் எழுது. நான் பத்து வருஷம் பார்த்துப் பார்த்துப் போட்டு வராதது, நீ ஆத்திரத்தில் கொளுத்தி இருபத்திரண்டு வந்திருக்கிறது. ரெண்டு நாளாக இதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

பழைய கொடி எப்படி வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குக் குயவர் மண்பிள்ளையாருக்குக் குன்றிமணியில் கண் வைப்பாரல்லவா? பதினோரு வயசில் ஒரு சதுர்த்தி. கிணற்றில் போடப் போன பிள்ளையாரின் கண் இரண்டையும் நோண்டி எடுத்து வைத்துக்கொண்டேன். கண் தெரியாமல் தண்ணீரில் தவிப்பாரே என்று அப்புறம் அழுகை. அப்பா அதை அரிவாள்முனையில் கீறி வேலியில் புதைத்தார். "இங்கேருந்து பாக்கட்டும் வுடு" என்றார். அதிலிருந்து வருஷா வருஷம் நம் வீட்டுப் பிள்ளையாருக்கும், கல்யாணமான பிறகு இந்த வீட்டுப் பிள்ளையாருக்கும், அந்தக் கொடியின் விதைதான் கண். இந்த வருஷம் கரியால் பொட்டு வைத்தார்கள். கும்பிட்டேன். என்னைப் பார்த்த மாதிரி இல்லை.

பிடுங்குவதோ விடுவதோ உன் இஷ்டம். உன் பிள்ளை, உன் வேலி. விட்டால் மட்டும் இதைச் செய். நல்லதாக நாலு கன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடு. முள்மேல் ஏற்றிவிடு. வெளிர் ஊதாவில் கொத்துக் கொத்தாகப் பூ வரும், அப்போதே கிள்ளிப் போடு. பூவைக் கிள்ளினால் காய் இல்லை. காய் இல்லையென்றால் விதை இல்லை. கிள்ளக் கிள்ளத் தழை கூடத்தான் வரும். இது எனக்கு முன்னாடியே தோன்றியிருந்தால் பத்து மாசம் மிச்சமாகியிருக்கும். நீயும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு வருவேனா என்று காகிதம் போடாதே. வந்தால் வருவேன்.

விருத்தாம்பாள்

*

குருவிநத்தம்
22 பிப்ரவரி 1939

அன்புள்ள அண்ணிக்கு,

இத்துடன் ஒரு சின்ன டப்பி வருகிறது. மூடியை அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறேன். சாவடியில் உங்கள் கூத்து ராஜா திறக்கச் சொன்னால் மாரிமுத்து திறந்து காட்டட்டும். ஆனால் இதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.

நாலு கொடியும் வேலி முழுக்க ஏறிவிட்டன. பூக்கொத்துகளை நானே ஏணி வைத்துக் கிள்ளினேன். வயிற்றில் ஏழாம் மாதம் ஆனதும் மாமா ஏணியைப் பிடுங்கிக்கொண்டு காசம்மாளை ஏற்றினார். ஒரு கொத்தை மட்டும் விட்டேன். அதில் ஒரு காயை மட்டும் விட்டேன். அது முற்றத் தொடங்கியதும் மல்துணியில் பை தைத்து அதன்மேல் கட்டினேன். வெடித்தாலும் உள்ளேயே வெடிக்கட்டும் என்று. தினமும் போய்ப் பார்த்தேன். "இன்னாம்மா, காய்க்குச் சட்டை போட்டுக்கினு!" என்று காசம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். போன வெள்ளிக்கிழமை வெடித்தது. ஐந்து விதை. ஐந்தும் டப்பியில் இருக்கின்றன. இரண்டு இந்த வருஷச் சதுர்த்திக்கு. மூன்று உங்கள் வேலிக்கு. அந்த மூன்றையும் கல்லில் தேய்த்துத் தோலைக் கீறியிருக்கிறேன். இந்த முறை முளைக்கும்.

காயைப் பிரித்தபோது தங்கவேலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். ஒளித்து வைத்தால் என்றைக்காவது தேடுவான். இலையை வாயில் போடலாம், இது சாமிக்குக் கண், வாயில் போடக்கூடாது என்றேன். "சாமிக்கு வலிக்கும்" என்றான். சரி என்றேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். இரண்டு பொங்கலுக்கும் வந்தீர்கள். சாப்பிட்டீர்கள். மாமாவுக்கு அது போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை. போன மாதம் தங்கவேல் உங்கள் முன்னால் வந்து வாயைத் திறந்து நின்றபோது, "அத்தை கை கயுவிட்டேன்டா" என்று சொல்லி எழுந்துவிட்டீர்கள். உங்கள் இலையில் பாதிச் சோறு இருந்தது. நான் பார்த்தேன். மோர் கொண்டுவர உள்ளே போனேன். சாணிக்குழியில் நான் போட்ட பதிமூன்றும் இன்னும் உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் கிடக்கின்றன. அவற்றை நான்தான் எடுக்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் எனக்கு நாள் என்கிறாள் மருத்துவச்சி. போன வருஷம் வந்துபோன அவருக்குச் சைகோனில் மறுபடி லீவு கிடைக்காது. என் அம்மா வருகிறேன் என்கிறாள், வரட்டும். ஆனால் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்கு உங்கள் கை வேண்டும். முதல் நாளிலிருந்து. பத்தொன்பதாம் நாளும், இருபதாம் நாளும், அதற்குப் பிறகும். தெருவில் யார் என்ன சொன்னாலும் அவர்கள் எதிரில் என் பிள்ளையை எடுத்து உங்கள் மடியில் போடுவேன். பயமாகத்தான் இருக்கும். எனக்கு எப்போது பயமில்லாமல் இருந்தது? பயந்துகொண்டே கொடுப்பேன்.

மாசி கடைசி வெள்ளிக்கு மாரிமுத்து வண்டியோடு வருவான். கொடியில் தழை நிறைய இருக்கிறது, ஒரு கூடை பறித்து இப்போதே அனுப்பியிருக்கிறேன். நிழலில் உலர்த்தி, பனங்கற்கண்டு போட்டு இடித்து, தங்கவேலுக்கு உருண்டை பிடித்துக்கொண்டு வாருங்கள்.

எத்தனை என்று எழுத வேண்டாம். எண்ண மாட்டேன்.

விஜயா